பழைய ஃபைபர் போட், மோசமான பெயிண்ட்: கழுவுவது முதல் கடலில் இறக்குவது வரை

கைமாறி வரும் ஃபைபர் போட்டில் பெயிண்ட் புதுசாகப் பளபளத்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். விற்பதற்கு அடிக்கிற பெயிண்ட் வேறு, தொழிலுக்குப் போவதற்கு அடிக்கிற பெயிண்ட் வேறு. முதலாவது பெரும்பாலும் உப்பைக்கூடக் கழுவாமல், தேய்க்காமல், ஒரே நாளில் பிரஷால் இழுத்துவிட்டது. ஒரு மாரி தாண்டுவதற்குள் பொரித்த அப்பளம் மாதிரிக் கிளம்பிவிடும்.

வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் கரையில் கிடக்கும் 18, 20 அடி போட்டுகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வாவியில் ஓடும் சிறிய ஃபைபர் தோணிக்கும் இதே வரிசைதான். மரத் தோணிக்கு இது பொருந்தாது. மரம் ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், அதன் கணக்கு வேறு.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெயிண்ட் டின்னோடு வந்து நிற்கிறார்கள். எந்தப் பெயிண்ட் என்பது கடைசிக்குக் கிட்ட வரும் கேள்வி. பழைய பெயிண்ட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மேலே எவ்வளவு விலை கூடின பெயிண்டை அடித்தாலும், கீழே பலவீனமான பூச்சு இருந்தால் அதோடு சேர்ந்து இதுவும் கழன்று வரும்.

1. காலமும் இடமும்

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்த வேலையைத் தொடாதீர்கள். வடகீழ்ப் பருவ மழை விட்டு, போட் நன்றாகக் காய்ந்து, சித்திரைக்குப் பிறகு தொடங்குவதுதான் நல்லது. ஆவணி வரை நேரம் இருக்கிறது. நடுவில் கச்சான் காற்று இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சிக் காயவைக்கும், அந்த வகையில் நல்லது. ஆனால் பகல் ஏற ஏற மண்ணையும் தூக்கிக்கொண்டு வரும். தேய்க்கும் வேலைக்குக் கச்சான் நாள் பரவாயில்லை, பெயிண்ட் அடிப்பதற்குத்தான் கவனம் வேண்டும்.

இடம் நிழலாக, வாவியில் இருந்தும் கிணற்றில் இருந்தும் தள்ளி இருக்க வேண்டும். தென்னைக்குக் கீழே நிழல் கிடைக்கும்தான். ஆனால் உதிரும் தென்னம்பூ ஈரப் பெயிண்டில் வந்து உட்கார்ந்தால் எடுக்கவே முடியாது. நான்கு கம்பு நட்டு, உயரமாக ஒரு படங்கு கட்டுவதுதான் சரி. பக்கத்தில் வாகனத்துக்குப் பாலிஷ் போடும் கராஜ் இருந்தால் அந்த இடமே வேண்டாம். பாலிஷில் உள்ள சிலிக்கோன் காற்றோடு வந்து போட்டில் படியும், அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது.

எஞ்சினைக் கழற்றி, உள்ளே இருப்பதை எல்லாம் இறக்கி, போட்டைக் கவிழ்த்துப் பழைய டயர்களின் மேல் முழங்கால் உயரத்துக்கு வையுங்கள். மண்ணோடு மண்ணாகக் கிடந்தால் விளிம்பு வரை தேய்க்க முடியாது, தேய்க்காத அந்த விளிம்பில் இருந்துதான் பிறகு உரியத் தொடங்கும்.

2. பதிவு இலக்கத்தைப் படம் எடுங்கள்

சின்ன வேலை, ஆனால் பலர் மறக்கிறார்கள். கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம் கொடுத்த பதிவு இலக்கம் எந்த இடத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் படம் எடுத்து, அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயிண்டோடு அது போய்விடும். போட் இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்றால், இலக்கத்தில் கைவைப்பதற்கு முன்னால் அந்த வேலையை முடியுங்கள்.

3. நன்னீரில் கழுவுங்கள், பிறகு காயவிடுங்கள்

கிணற்று நீரில், சவர்க்காரத் தூள் போட்டு, தும்புத் தூரிகையால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவுங்கள். கழுவின பிறகு இன்னொரு தடவை வெறும் நீர் விட வேண்டும். உப்பு மிஞ்சினால் அது பெயிண்டுக்குக் கீழே இருந்தபடியே ஈரத்தை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். வாவி நீரில் கழுவுவது கழுவாததற்குச் சமம், அதிலும் உப்பு இருக்கிறது.

காய்ந்ததா என்று கையால் தொட்டுத் தீர்மானிக்காதீர்கள். ஃபைபருக்குள்ளே இருக்கும் ஈரம் கைக்குத் தெரியாது. ஒரு முழ அளவுக்குத் தெளிவான பொலித்தீன் துண்டை எடுத்து, நான்கு விளிம்பையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு பகலும் ஒரு இரவும் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் வந்துகொண்டிருக்கிறது. அடிப்பகுதியில் இரண்டு இடத்திலாவது இதைச் செய்யுங்கள். பழைய பெயிண்ட் தடிப்பாக இருந்தால் அது ஈரத்தை உள்ளேயே மூடி வைத்திருக்கும். அதனால் கழற்றின பிறகும் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டி வரும்.

4. தட்டிப் பாருங்கள்

பெயிண்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், அந்தப் பெயிண்ட் எதை மறைக்கிறது என்று பாருங்கள். ஒரு பெரிய திருகாணிச் சாவியின் பிடியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போட்டைச் சுற்றி வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று இறுக்கமாகக் கேட்கும். செத்த சத்தம் வரும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கும், இல்லை என்றால் தடிப்பாகப் புட்டி அப்பியிருப்பார்கள். சத்தம் மாறும் இடத்தைச் சோக்கால் வட்டம் போடுங்கள்.

எஞ்சின் மாட்டும் பின்பலகையில் அதிக நேரம் நில்லுங்கள். அதற்குள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான் இருக்கும், மேலே ஃபைபர் போர்த்தியிருக்கும். எஞ்சின் பிடியின் ஆணித் துளைகள் வழியாக நீர் இறங்கி, பலகை உள்ளேயே உக்கிப் போகும். துளைக்குள் ஒரு மெல்லிய ஆணியை விட்டுக் கிளறிப் பாருங்கள். கறுப்பாக, ஈரமாக, தூள் மாதிரி வந்தால் பெயிண்ட் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். முதலில் பலகை மாற்றுவது, அப்புறம்தான் பெயிண்ட்.

போட் இன்னும் வாங்கவில்லை, பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதி இன்னும் முக்கியம். “தம்பி, புதுப் பெயிண்ட், ஒரு சோலியும் இல்லை” என்று சொல்லும் இடத்தில்தான் தட்டிப் பார்க்க வேண்டும். பின்பலகை மட்டும் மற்ற இடங்களைவிடப் புதுசாகத் தெரிந்தால் விலை பேச அது ஒன்றே போதும்.

5. பெயிண்டைச் சோதியுங்கள்

இங்கே மூன்று சோதனை. மூன்றும் சேர்ந்தால் அரை நாள் வேலை. இதைத் தவிர்த்தவர்கள்தான் அடுத்த வருடமும் அதே போட்டைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

முதலாவது கீறல் சோதனை. புது பிளேட் போட்ட கட்டரால், 2 மில்லிமீற்றர் இடைவெளியில் ஆறு கோடு, அதற்குக் குறுக்காக ஆறு கோடு. ஃபைபர் தெரியும் ஆழத்துக்குக் கீறினால் 25 சின்னக் கட்டங்கள் வரும். நல்ல ஒட்டும் டேப்பை அதன் மேல் நகத்தால் அழுத்தி ஒட்டி, ஒரே இழுவையில் உரியுங்கள். கோடுகள் வெட்டும் மூலையில் கொஞ்சம் உதிர்ந்தால் பரவாயில்லை. முழுக் கட்டமாக நான்குக்கு மேல் டேப்போடு வந்தால் அந்தப் பெயிண்டை நம்ப முடியாது. பெயிண்ட் தடிப்பாக இருந்தால் இடைவெளியை 3 மில்லிமீற்றர் ஆக்குங்கள்.

வசதியான ஒரு இடத்தில் மட்டும் கீறிப் பார்ப்பது வழக்கமான பிழை. பக்கச் சுவரில் உறுதியாக நிற்கும் பெயிண்ட் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே உரியும். மண்ணெண்ணெய் சிந்தும் பின்பக்கம், வலை உரசும் விளிம்பு, மணலில் இழுபடும் ஏராவின் (அடியில் நீளமாக ஓடும் முதுகு) பக்கம், அணியம் (முன்முனை) என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இரண்டாவது தின்னர் சோதனை. வாகனப் பெயிண்டுக்குப் பயன்படுத்தும் என்சி தின்னரில் வெள்ளைத் துணியை நனைத்து, பெயிண்ட் மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு தேயுங்கள். நிறம் உடனே கரைந்து துணிக்கு வந்தால் அது வாகன என்சி பெயிண்ட். பெயிண்ட் ஊதி, சுருங்கி, நகம் பட்டால் பதியும் அளவுக்கு மென்மையானால் சாதாரண எனமல். மினுக்கம் மட்டும் கொஞ்சம் குறைந்து, துணி வெள்ளையாகவே இருந்தால், இறுகவைக்கும் ஹார்டனரைத் தனி டின்னில் இருந்து கலக்கும் இரண்டு டின் பெயிண்ட். ஜெல்கோட்டும் (போட் செய்யும்போதே ஃபைபரின் மேல் வரும் நிறப் பூச்சு) இப்படித்தான் கரையாமல் நிற்கும். வெளுத்த ஜெல்கோட்டைப் பெயிண்ட் என்று நினைத்துச் சுரண்டத் தொடங்குகிறவர்களும் உண்டு.

இந்தச் சோதனை ஏன் தேவை என்றால், இரண்டு டின் பெயிண்டின் தின்னர் மிகக் கடுமையானது. அதைப் பழைய எனமல் மேல் அடித்தால், கீழே உள்ள எனமல் ஊதிச் சுருங்கி முழுப் பரப்பும் தோல் மாதிரி மடிந்துவிடும். அப்போது புதுப் பெயிண்டையும் சேர்த்தே சுரண்ட வேண்டும்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. ஒரு இடத்தை 120 நம்பர் சாண்ட்பேப்பரால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள், நடுவில் ஃபைபரோ ஜெல்கோட்டோ தெரியும் வரைக்கும். கையை எடுத்துப் பார்த்தால் வளையம் வளையமாக அந்தப் போட்டின் கதை முழுவதும் தெரியும். வெளியே நீலம், அதற்குள்ளே வெள்ளை, அதற்குள்ளே பச்சை, நடுவில் பழைய ஜெல்கோட். இடையில் பிரைமர் (அடிப்பூச்சு) வளையமே இல்லை என்றால் ஏன் உரிகிறது என்று கேட்கத் தேவையில்லை. சோக்கால் வட்டம் போட்ட இடங்களிலும் இதைச் செய்யுங்கள். தடிப்பான புட்டி வளையம் வந்தால் அந்த இடம் முன்பு எங்கோ மோதி அடிபட்டிருக்கிறது.

6. வைப்பதா, கழற்றுவதா

சோதனை முடிந்ததும் இதைத் தீர்மானியுங்கள். நடுவில் மனதை மாற்றினால் இரட்டை வேலை.

கீறல் சோதனையில் எல்லா இடமும் தேறி, கண்ணுக்குத்தான் அசிங்கம் என்றால் (வழிந்த கண்ணீர்க் கோடுகள், பிரஷ் தடம், ஒட்டின பூச்சி) பழைய பெயிண்டைக் கழற்ற வேண்டாம். அதைத் தேய்த்துச் சமன்படுத்தி மேலே அடிக்கலாம். அது எனமல் என்றால் எனமல்தான் அடிக்க வேண்டும், இரண்டு டின் பெயிண்ட் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஒரு பகுதி மட்டும் தோற்றால் அந்தப் பகுதியைக் கழற்றுங்கள். எல்லையை இயல்பான ஒரு கோட்டில் வையுங்கள்: நீர்மட்டக் கோடு, விளிம்புப் பட்டி, இல்லை என்றால் ஒரு மூலை. பக்கச் சுவரின் நடுவில் நிறுத்தினால் எவ்வளவு தேய்த்தாலும் வெயிலில் கோடு தெரியும்.

பல இடங்களில் தோற்றால் முழுவதும் கழற்றுங்கள். “உரிகிற இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மேலே அடிப்போம்” என்று சொல்வார்கள். இன்று உரியாத இடம் அடுத்த மாரியில் உரியும், உங்கள் புதுப் பெயிண்டையும் கொண்டு போகும்.

7. கழற்றும் வேலை

கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரை ஃபைபரில் பூசாதீர்கள். இரும்புக்கும் மரத்துக்கும் செய்த ரிமூவர் ஜெல்கோட்டையும், கீழே ஃபைபரைப் பிணைத்து வைத்திருக்கும் ரெசினையும் சேர்த்தே மென்மையாக்கும். நெருப்பு காட்டுவதும் அப்படித்தான், ரெசின் சூட்டுக்குப் பிரியும். ஆக, மிச்சம் இருப்பது சுரண்டியும் சாண்ட்பேப்பரும்தான்.

ஆனால் சாண்ட்பேப்பரை எடுப்பதற்கு முன்னால் எண்ணெயையும் மெழுகையும் துடைத்து எடுக்க வேண்டும். இந்த வரிசையைத்தான் அதிகம் பேர் மாற்றிச் செய்கிறார்கள். எண்ணெய்ப் பசையோடு தேய்த்தால் அது போகாது, சாண்ட்பேப்பர் போட்ட கீறல்களுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். இரண்டு துணி வேண்டும். ஒன்றைத் தின்னரில் நனைத்து ஒரு கை அகலம் துடையுங்கள், அது காய்வதற்குள் மற்றக் காய்ந்த துணியால் வழித்து எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை இங்கிருந்து அங்கே பரப்புவதுதான் நடக்கும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். பழைய சாரத் துண்டுகள் இதற்கு நல்லது.

பிறகு தளர்ந்த பெயிண்டைச் சுரண்டியால் எடுத்து, 80 நம்பரில் தொடங்கி, 120, அப்புறம் 180 என்று போங்கள். 80இல் இருந்து நேரே 320க்குப் போனால் 80இன் கீறல்கள் அப்படியே இருக்கும், பெயிண்ட் அடித்த அன்றைக்குத்தான் அவை தெரியும். கிரைண்டரில் சாண்டிங் வட்டு மாட்டி அடிப்பவர்கள் நேரத்தை மிச்சம் பிடிப்பார்கள், ஆனால் போட் முழுக்க அரை வட்டக் குழிகள் விழும். அதை நிரப்புவதற்கு அந்த நேரம் போதாது. கொஞ்சம் பெரிய இடங்களுக்கு ஓர்பிட்டல் சாண்டர், வளைவுகளுக்குக் கை. தட்டையான இடத்தில் சாண்ட்பேப்பரை வெறும் விரலால் பிடிக்காமல் ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். விரல் பிடித்தால் விரல் தடமே பள்ளமாக விழும்.

பழைய பெயிண்டின் ஒரு பகுதி நிற்கிறது என்றால் அதன் விளிம்பைச் சரிவாக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த எல்லையைத் தடவுங்கள். படி ஒன்று விரலுக்குப் பட்டால், மூன்று கோட் (பூச்சு) அடித்தாலும் கண்ணுக்குப் படும்.

ஃபைபர் தூசி தோலில் ஏறினால் அரிப்புத் தாங்காது. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தூசி மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரால்தான் கழுவ வேண்டும்.

அடிப்பகுதியில் சிவப்பாகவோ கறுப்பாகவோ, மினுக்கமில்லாத தூள் பிடித்த பெயிண்ட் இருந்தால் அது பாசி பிடிக்காமல் இருக்க அடித்த நஞ்சுப் பெயிண்டாக இருக்கலாம். அதைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், நீர் விட்டுத் தேய்த்து, வரும் சேற்றைக் கீழே விரித்த படங்கில் பிடித்து எடுங்கள். இப்போது விற்பதில் செம்புச் சேர்மம் இருக்கும். பழையது இன்னும் மோசம்: வெள்ளீயச் சேர்மமான டிபிடி (TBT) கலந்த பெயிண்ட் 2008இல்தான் சர்வதேச உடன்படிக்கை மூலம் தடைக்கு வந்தது. இறாலும் நண்டும் வளரும் வாவியில் அந்தச் சேறு இறங்கக்கூடாது.

8. வெடிப்பும் ஓட்டையும்

சிலந்தி வலை மாதிரி வெடிப்பு இருந்தால் அதன் மேல் புட்டி தடவிவிட்டுப் போகாதீர்கள். அந்த இடம் ஏதோ ஒரு விசைக்கு வளைகிறது, அதனால்தான் வெடிக்கிறது. உள்பக்கம் கையால் அழுத்திப் பாருங்கள். வளைந்தால் உள்ளே இருந்து ஃபைபர் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் போட்டுத் தடிப்பாக்க வேண்டும். வளையாவிட்டால் வெடிப்பை முக்கோணப் பள்ளமாகத் திறந்து, தூசி துடைத்து, எப்பொக்சிப் புட்டியால் நிரப்புங்கள்.

வாகனத்துக்குப் பூசும் மலிவான புட்டி ஈரத்தை உறிஞ்சும். நீர்மட்டத்துக்குக் கீழே அது வேண்டவே வேண்டாம். இன்னொன்று, எப்பொக்சி போட்ட இடத்தின் மேல் சாதாரண பொலியெஸ்டர் ரெசினோ ஜெல்கோட்டோ போட்டால் சரியாக இறுகாது. மறுபக்கமாக, காய்ந்த பொலியெஸ்டர் மேல் எப்பொக்சி நன்றாகப் பிடிக்கும். இந்த வரிசை நினைவில் இருக்கட்டும்.

எப்பொக்சி இறுகும்போது மேலே பிசுபிசுப்பான ஒரு படலம் வரலாம். தேய்ப்பதற்கு முன்னால் அதை நீராலும் பச்சை ஸ்கிரப் துண்டாலும் கழுவி எடுங்கள். இது தின்னருக்குப் போகாது, நீருக்குத்தான் போகும்.

ஊசித் துளைகளைப் பெயிண்ட் மூடிவிடும் என்று நினைக்காதீர்கள். மூடாது. ரோலர் துளைக்கு மேலே ஒரு குமிழை வைத்துவிட்டுப் போகும், குமிழ் உடைந்து பழையபடி துளை. மெல்லிய புட்டியைத் தகட்டால் இறுக்கி வழித்துத்தான் அடைக்க வேண்டும்.

9. பிரைமரும் பென்சிலும்

ஃபைபர் தெரியும் வரை கழற்றிய போட்டுக்கு இரண்டு டின் எப்பொக்சி பிரைமர்தான் என் தெரிவு. எனமலை வைத்துக்கொண்டவர்கள் எனமலுக்கான பிரைமரோடு நிற்க வேண்டும்.

கலவை விகிதம் டின்னில் இருக்கும். அது அளவா எடையா என்று வாசியுங்கள். ஹார்டனரைக் கூட்டிவிட்டால் விரைவாகக் காயும் என்று நினைப்பது தவறு, மிஞ்சின ஹார்டனர் உள்ளேயே கிடந்து பூச்சை மென்மையாக்கும். நம் ஊர்ச் சூட்டில் கலந்தது சீக்கிரம் இறுகும். வெப்பம் 10 பாகை கூடினால் கிடைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தட்டையான தட்டில் ஊற்றுங்கள். ஆழமான டப்பாவில் அது தன் சூட்டிலேயே இறுகிவிடும்.

முதல் பிரைமர் காய்ந்ததும் ஒரு பென்சிலை எடுத்துப் போட் முழுக்கக் கிறுக்குங்கள், பிள்ளைகள் சுவரில் கிறுக்குவதைப் போல. பிறகு மரக்கட்டையில் சுற்றிய 180 நம்பரால் தேயுங்கள். மேடான இடத்தில் பென்சில் உடனே போகும், பள்ளத்தில் நிற்கும். பென்சில் நிற்கும் இடங்களுக்குப் புட்டி, மறுபடி பிரைமர், மறுபடி பென்சில். கிறுக்கல் எல்லாம் ஒரே சீராகப் போகும் வரைக்கும் மேல் பெயிண்ட் டின்னைத் திறக்காதீர்கள். கடைசித் தேய்ப்பு 320 நம்பர்.

எல்லாம் முடிந்ததும் கொஞ்சம் நன்னீரைத் தெளித்துப் பாருங்கள். நீர் ஒரே படலமாக வழிந்தால் பரப்பு சுத்தம். முத்து முத்தாக நின்றால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. இரண்டு துணி வேலையை அந்த இடத்தில் திரும்பச் செய்யுங்கள்.

10. இப்போது பெயிண்ட் வாங்குங்கள்

தினமும் மணலில் இழுத்து ஏற்றும் தொழில் போட்டுக்கு நான் எனமலைத்தான் சொல்வேன். இரண்டு டின் பொலியூரித்தேன் அதிக காலம் மினுங்கும், உண்மைதான். ஆனால் கீறல் விழுந்தால் எனமலைப் பிரஷால் தொட்டுவிடலாம், மற்றதற்கு அவ்வளவு எளிதாக முடியாது. உல்லாசப் பயணிகளை ஏற்றும் போட்டுக்குக் கணக்கு வேறு, அங்கே பொலியூரித்தேனுக்குக் காசு போடலாம்.

எனமலோ பக்கச் சுவர்ப் பொலியூரித்தேனோ எப்போதும் நீருக்குள் கிடக்கும் இடத்துக்கு உரியதல்ல, ஊறிக் கொப்புளம் போடும். வாவியிலேயே கட்டி வைக்கும் போட் என்றால் நீர்மட்டத்துக்குக் கீழே எப்பொக்சி பிரைமரும் அதற்கு மேல் பாசி பிடிக்காத பெயிண்டும் வேண்டும். கரையில் ஏற்றி வைக்கும் போட்டுக்கு இந்த நஞ்சுப் பெயிண்ட் வீண் செலவு, மணலிலேயே தேய்ந்து போகும். செம்பு கலந்த பெயிண்ட் எஞ்சினின் அலுமினியக் காலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அலுமினியத்தை அது அரித்துவிடும்.

உள்பக்கம் மண்ணெண்ணெய் டாங்கி வைக்கும் இடத்தில் எனமல் நிற்காது, சிந்தின இடம் மென்மையாகிக் கையோடு வரும். அந்த மூலைக்கு மட்டும் இரண்டு டின் பெயிண்ட் அடியுங்கள். பழைய எனமலை அங்கே முழுவதும் எடுத்த பிறகுதான். நிற்கும் தளத்துக்கு வழுக்காமல் மணல் தூவுவது நல்ல வழக்கம், ஆனால் கடற்கரை மணலை நன்னீரில் பல தடவை கழுவிக் காயவைத்துத் தூவ வேண்டும்.

அளவு: 18 அடி என்றால் 5.5 மீற்றர். அகலம் 1.5, இரண்டு பக்க உயரம் 0.7 வீதம். 5.5 × 2.9, ஏறக்குறைய 16 சதுர மீற்றர் வெளிப்புறம். அணியம் ஒடுங்குவதால் உண்மையில் குறைவு, அந்த வித்தியாசம் சேதாரத்துக்குப் போகட்டும். ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 10 சதுர மீற்றர் ஓடும் என்று எடுத்தால் மூன்று கோட்டுக்கு 5 லீற்றர். டின்னில் வேறு அளவு போட்டிருந்தால் அதை எடுங்கள். எல்லா டின்னையும் ஒரே நேரத்தில் வாங்கி, ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். அதே நிறம் என்றாலும் டின்னுக்கு டின் கொஞ்சம் மாறும். இது எனமலுக்கு. ஹார்டனர் போடுவதை அவ்வப்போதுதான் கலக்க வேண்டும்.

11. அடிக்கும் நாள்

காலைப் பனி போட்டில் இருந்து முழுவதும் போன பிறகு தொடங்குங்கள், பிற்பகல் மூன்று மணிக்குள் கையைக் கழுவிவிடுங்கள். மாலைப் பனி ஈரப் பெயிண்டில் இறங்கினால் மினுக்கம் செத்துச் சாம்பல் பூத்துவிடும். கச்சான் நாட்களில் போட்டில் பனி இல்லை என்று பார்த்துவிட்டு விடியவே தொடங்கி, காற்று எழும்புவதற்குள் முடிப்பதுதான் வழி. சுற்றிலும் நிலத்துக்கு நீர் தெளித்தால் தூசி அடங்கும். நேர் வெயிலில் அடிக்கக்கூடாது. மேலே தோல் கட்டி, உள்ளே இருக்கும் தின்னர் வெளியே வரும்போது குமிழ் குமிழாக வெடிக்கும்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சின்ன ஸ்பொஞ்ச் ரோலரால் ஒரு கை அகலத்துக்குப் பெயிண்டை மெல்லிதாகப் பரப்ப, மற்றவர் உடனேயே நல்ல மென்மையான பிரஷின் நுனியால் தடவி விடுவார். பிரஷை அழுத்தக் கூடாது, அதன் சொந்தப் பாரம் போதும். முன்பு அடித்த பக்கத்தில் இருந்து புது இடத்தை நோக்கி இழுக்காமல், புது இடத்தில் வைத்து முன்பு அடித்த ஈரத்துக்குள் கொண்டுபோய் மெதுவாகத் தூக்கிவிடுங்கள். ஒரு இடத்தைத் தடவிவிட்டால் திரும்பிப் போகாதீர்கள். “ஒரு சின்ன முடிதான்” என்று ஐந்து நிமிடம் கழித்துக் கைவைப்பதுதான் பெரிய தடமாக நிற்கும். முடியை நாளைக்குத் தேய்த்து எடுக்கலாம்.

தடிப்பாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லிதாக மூன்று. எனமலுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஒரு நாள் விட்டு, 320ஆல் லேசாகத் தேய்த்து, துடைத்து, அப்புறம் அடுத்தது. பாதி காய்ந்ததன் மேல் தடிப்பாக அடித்தால் சுருங்கும்.

இரண்டு டின் பொலியூரித்தேனை வீட்டு வளவில் ஸ்பிரே பண்ணாதீர்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேற் நுரையீரலைக் கெடுக்கும், அந்தப் புகைக்குத் துணி மாஸ்க்கோ ஃபார்மசி மாஸ்க்கோ எதுவும் உதவாது. தனியாகக் காற்று கொடுக்கும் முகமூடி உள்ளவர்கள் செய்யட்டும். ரோலரால் அடித்தாலும் கையுறையும் வாயு வடிகட்டும் மாஸ்க்கும் வேண்டும். எனமல் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவையுங்கள்.

12. உங்கள் பூச்சிலேயே பிழை வந்தால்

வழிந்துவிட்டால் ஈரத்தில் தொடாதீர்கள். நன்றாக இறுகவிட்டு (எனமலுக்கு ஒரு கிழமையாவது) பிளேட்டால் மேட்டை மட்டும் சீவி, கட்டையில் சுற்றிய 320ஆல் சமன்படுத்துங்கள். சீக்கிரம் சீவினால் உள்ளே இன்னும் மென்மையாக இருக்கும், தோல் கிழிந்து வரும்.

சின்ன வட்டமாகப் பெயிண்ட் விலகி, நடுவில் பிரைமர் கண் மாதிரி எட்டிப் பார்த்தால் அங்கே எண்ணெயோ சிலிக்கோனோ இருந்திருக்கிறது. மேலே இன்னொரு கோட் அடித்தால் அதே இடத்தில் மறுபடி விலகும். காயவிட்டு, தேய்த்து, துடைத்து, பிறகுதான்.

சொரசொரப்பாகத் தோடம்பழத் தோல் மாதிரி வந்தால் பெயிண்ட் தடிப்பு, அல்லது சூடு. அடுத்த கோட்டில் கொஞ்சம் தின்னர் சேர்த்து, இன்னும் நேரத்தோடு தொடங்குங்கள். முழுப் பரப்பும் சுருங்கிவிட்டால் அதற்கு ஒட்டு வேலை கிடையாது, சுரண்டத்தான் வேண்டும்.

13. கடலில் இறக்குவதற்கு முன்

தொட்டால் ஒட்டாது என்பது இறுகிவிட்டது என்பதல்ல. இரண்டு டின் பெயிண்டுக்கு ஏழு நாள் விடுங்கள், எனமலுக்கு அதைவிடக் கூட விட்டால் நல்லது. சீசன் தொடங்கிவிட்டது என்று மூன்றாம் நாளே மணலில் இழுத்தால் ஏராவின் இரண்டு பக்கமும் பட்டையாக உரியும். பாசி பிடிக்காத பெயிண்ட் இதற்கு விதிவிலக்கு. அதன் டின்னில் எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு, எத்தனை நாளுக்குள் நீரில் இறக்க வேண்டும் என்று இருக்கும், அதன்படி செய்யுங்கள்.

பதிவு இலக்கத்தை எடுத்த படத்தைப் பார்த்து அதே இடத்தில், அதே அளவில் எழுதுங்கள். எஞ்சின் பிடி, வளையங்கள், விளிம்புப் பட்டி எல்லாவற்றையும் மாட்டும்போது ஒவ்வொரு ஆணித் துளைக்கும் கடல் வேலைக்கான சீலன்ட் வையுங்கள். பின்பலகையை உக்கவைத்தது அந்தத் துளைகள்தான்.

மிஞ்சின எனமலைச் சின்னப் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி, நிறத்தின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள். முதல் கிழமை தொழில் முடிந்ததும் போட்டைச் சாய்த்து ஏராவையும் நீர்மட்டக் கோட்டையும் பாருங்கள். கீறல் இருந்தால் நன்னீரில் கழுவி, காயவிட்டு, 320ஆல் தொட்டு, அந்தப் போத்தலில் இருந்து இரண்டு கோட் வைத்துவிடுங்கள்.